எழுபது விநாடி

ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளைக் கட்டிலில் மலையாகக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள் அக்காக்காரி. வாசலில் வந்து நின்ற தம்பிக்காரன் "மாமா இல்லையா?" என்று கேட்ட தொனியிலேயே இவன் சும்மா வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சும்மா வருகிறவன் நேராக அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பான். இன்றைக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அவள் மடித்து வைத்த துண்டை எடுத்து விரித்து, மறுபடி மடித்தான். மாமா வெளியே போயிருக்கிறார், வர நேரமாகும் என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"செவ்வாய்க்கிழமை உங்க வரிசைக்கு நேரம் எடுக்க வர்றேன்க்கா."

"வாயேன். புதுசா?"

"இந்தத் தடவை நிஜமாச் செய்யுங்க."

அக்காக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. கார்களுக்குள் விளக்குக்கும் கதவுக்கும் என்ஜினுக்கும் ஓடுகிற வயர்களைக் கட்டாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. வயர்க்கட்டைக் கட்டுவதற்கு இன்னும் ஒரு மிஷினைக் கண்டுபிடித்தபாடில்லை. வயர் சொன்னபடி கேட்காது, விரல்தான் அதற்கு எஜமான். கூடத்தின் நடுவே பதினெட்டுப் பலகைகள் ஒரு சங்கிலியில் மாட்டப்பட்டு மெதுவாகச் சுற்றிவரும். ஒவ்வொரு பலகையிலும் கொக்கிகள். பதினெட்டுப் பெண்கள் அவரவர் இடத்தில் நிற்பார்கள். பலகை முன்னால் வரும்போது ஒருத்தி வயரைப் போடுவாள், அடுத்தவள் முனைகளைச் செருகுவாள், அதற்கடுத்தவள் டேப்பைச் சுற்றுவாள். பலகை யாருக்காகவும் நிற்காது. ஒருத்தியைக் கடந்து போவதற்கு அது எடுத்துக்கொள்ளும் விநாடிகள்தான் அந்தக் கூடத்தின் சட்டம். அந்த விநாடிகளை அளந்து எழுதுவது தம்பிக்காரன் உத்தியோகம். அக்காக்காரி பதினேழு வருடம் பலகை முன்னால் நின்றதில் அவன் படித்தான். படித்து முடித்து ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே கூடத்துக்கு வந்து சேர்ந்தான்.

அந்த ஸ்டாப்வாட்சுக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் மாமியார். மாமியார் வந்தால் பதினெட்டு பேரும் உத்தம மருமகள்களாகிவிடுவார்கள். வயரை இரண்டு தரம் நீவுவார்கள். செருகிய முனையை இழுத்துப் பார்த்து, இன்னொரு தரமும் இழுத்துப் பார்ப்பார்கள். டேப்பைக் கிழிக்க நகம் இருக்கும்போது கத்தரிக்கோலைத் தேடுவார்கள். தொண்ணூறு விநாடி வேலை நூற்றிருபதுக்கு இழுத்துக்கொண்டு போகும். தம்பிக்காரன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி குறித்துக்கொண்டு போய், தன் பங்குக்கு இருபதைக் கழித்து நூறு என்று எழுதுவான். அவர்கள் ஏமாற்றுவது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். மிஞ்சுகிற பத்து விநாடியில்தான் அந்தக் கூடத்தில் மனிதர்கள் மூச்சு விட்டார்கள். தண்ணீர் குடித்தார்கள், முதுகை நிமிர்த்தினார்கள், பக்கத்தில் நிற்கிறவள் வீட்டுக்கதையைக் கேட்டார்கள்.

அக்காக்காரி அந்தப் பத்து விநாடியை நெட்டைக்குக் கொடுத்துவந்தாள். நெட்டை அவளுக்கு முந்தின இடத்தில் நிற்பவள். அவளைவிட ஆறு வயது மூத்தவள். வலது கட்டைவிரல் மூட்டு வீங்கி, குளிர்காலத்தில் மடங்கவே மடங்காது. டேப்பின் கடைசிச் சுற்றை அழுத்தி முடிக்க அவளால் ஆகாது. வாலை அப்படியே விட்டுவிடுவாள். பலகை அக்காக்காரியிடம் வந்ததும் இவள் அந்த வாலைச் சுற்றி அழுத்திவிட்டுத் தன் வேலையைத் தொடங்குவாள். இரண்டு வருடமாக நடக்கிற காரியம். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

"அடுத்த மாடல் காருக்கு ஆர்டர் வருது. அஞ்சு வருஷத்து வேலை" என்றான் தம்பிக்காரன். "ஒரே வரைபடத்தை மூணு நாட்டுல மூணு கம்பெனிக்கு அனுப்பியிருக்காங்க. மூணு இடத்துலயும் ஒரே நாள் நேரம் எடுக்குறாங்க. யாரு கம்மியோ அவங்களுக்கு."

"நீதான் எப்பவும் கழிச்சு எழுதுவியே."

"இந்தத் தடவை மேல கேமரா மாட்டுறாங்க. கழிக்க முடியாது. பலகையை இஷ்டத்துக்கு ஓட்டிக்கலாம்னு சொல்லியிருக்காங்க, எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு. நீங்க வழக்கம்போல நூத்திருபதுல நின்னீங்கன்னா கதை முடிஞ்சுது. உங்க வரிசையை மூடிடுவாங்க."

"இதை எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. சொன்னா சம்பளத்தை ஏத்திக் கேப்பீங்களாம்." அவன் துண்டை மூன்றாவது தரம் மடித்தான். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். நீ சொன்னா அவங்க கேப்பாங்க."

அவள் கையில் எடுத்த துணியை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது. அவளால் முடியாது என்றால் நெட்டையால் சுத்தமாக முடியாது.

திங்கட்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில், கடைசி மேஜையைச் சுற்றிப் பதினெட்டுத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அக்காக்காரி சொல்லி முடித்ததும் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். அந்த மற்ற இரண்டு நாடு எது என்று ஒருத்தி கேட்டாள். தெரிந்து என்ன செய்யப்போகிறாய், கடிதம் போடப்போகிறாயா என்று இன்னொருத்தி அவளை அடக்கினாள். நெட்டை மட்டும் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கட்டைவிரலை நீவிக்கொண்டிருந்தாள்.

"மாமியார்கிட்ட ஒரு நாள் ஓடிக் காட்டினா, ஆயுசுக்கும் ஓடணும்" என்றாள் நெட்டை.

"ஒரு நாள்தான். ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் நடக்கறபடி நடக்கும்."

"யாரு சொன்னா?"

"என் தம்பி இருக்கான். அவன் பாத்துப்பான்."

இதில் எதையும் தம்பிக்காரன் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. தூக்கி வளர்த்த பிள்ளையைப் பற்றி யாரும் யோசித்துச் சொல்வதில்லை. நெட்டை அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சரி. உன் வார்த்தைக்காக" என்று எழுந்து கை கழுவப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் ஓட்டிய ஓட்டத்தை அந்தக் கூடம் அதற்குமுன் பார்த்ததில்லை. பலகை தொண்ணூறில் கிளம்பியது, எண்பத்தைந்துக்குப் போனது, எண்பதுக்குப் போனது. பேச்சு இல்லை. டேப் கிழிபடும் சத்தமும் முனைகள் பொருந்தும் டக் டக் சத்தமும்தான். ஒருத்தி கையிலிருந்து விழுந்த கிளிப்பைப் பக்கத்தில் இருந்தவள் காலாலேயே தள்ளிவிட்டாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர்களுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருடமாக மறைத்து வைத்த கெட்டிக்காரத்தனத்தை ஒரு தடவை ஊரறியக் காட்டுவதில் ஒரு போதை இருக்கத்தான் செய்கிறது. எழுபத்தைந்து ஆனபோது வாயாடி ஒருத்தி "இன்னும் போடு" என்றாள். அக்காக்காரி நெட்டையின் வாலையும் சுற்றினாள், தன் வேலையையும் முடித்தாள். இரண்டு கை நாலு கையாக வேலை செய்தது. கடைசியில் தம்பிக்காரன் கையை உயர்த்தினான். எழுபது.

பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நெட்டைகூடச் சிரித்தாள். மேனேஜர் வந்து, எப்போதும் இல்லாத வழக்கமாகக் கை தட்டினார். அக்காக்காரி தம்பியைத் தேடினாள். அவன் காகிதத்தில் எழுபது என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் ஆர்டர் வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலமும் டீயும் கொடுத்தார்கள். மேனேஜர் ஒலிபெருக்கியில், உலகத்தோடு போட்டி போட்டு ஜெயித்திருக்கிறோம் என்றார். இரண்டு நாட்டை முந்தியிருக்கிறோம் என்றார். மறுநாள் காலை ஒரு மெக்கானிக் வந்து சங்கிலியின் வேகத்தைத் திருகி எழுபதில் வைத்து, யாரும் கை வைக்காதபடி அந்தப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மணி நேரம் ஓடுவது வேறு, எட்டு மணி நேரம் ஓடுவது வேறு. முதல் நாள் பத்து மணிக்கே பேச்சு நின்றது. இரண்டாம் நாள் தண்ணீர் பாட்டில்களை யாரும் தொடவில்லை. குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போனால் பலகை போய்விடும். முடிக்காத பலகை வரிசையின் கடைசிக்குப் போனதும் அங்கே சோதனைக்காரர் நிற்பார். எந்த இடத்து வேலை விட்டுப்போனதோ அந்த இடத்து எண்ணைச் சிவப்புச் சீட்டில் எழுதி ஒட்டுவார். சாயங்காலம் யாருக்கு எத்தனை சிவப்பு என்று வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவார்கள்.

முதல் இரண்டு நாள் அக்காக்காரி நெட்டையின் வாலைச் சுற்றினாள். அதனால் தன் கடைசி கிளிப் விட்டுப்போனது. அவளுக்கு இருபத்தாறு சிவப்பு. மேனேஜர் கூப்பிட்டு, "ஜெயிச்சுக் கொடுத்த ஆளே இப்படியா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் காலை முதல் பலகை வந்தபோது, டேப்பின் வால் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை அதன் பக்கம் போனது. போன கை திரும்பி, தன் வயரை எடுத்துக்கொண்டது. அடுத்த பலகையிலும் அப்படியே. நாலாவது பலகையில் கை போகவே இல்லை. அது அவ்வளவு சுலபமாகப் பழகிக்கொண்டது என்பதுதான் பிற்பாடு அவளைக் குடைந்தது. நெட்டை பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல நினைத்தாள். எழுபது விநாடியில் அந்த வார்த்தைக்கு இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாப்பாட்டு வேளையில் இடம் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நெட்டையின் எண்ணுக்கு நேரே நூற்றுக்குமேல் எழுதியிருந்தது. நெட்டை அதை நின்று படித்தாள். பக்கத்திலேயே அக்காக்காரியும் நின்றாள். இருவரும் பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். நெட்டை தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றிப் பேசினாள்.

பத்து நாள் நெட்டை தாக்குப்பிடித்தாள். கட்டைவிரலில் பட்டி கட்டிக்கொண்டாள், இடது கையால் அழுத்திப் பார்த்தாள், ஒரு நாள் பல்லால் டேப்பைக் கடித்து இழுத்ததை அக்காக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். இருபது நிமிஷத்தில் வெளியே வந்து, உடுப்பு மாற்றும் அறையில் தன் அலமாரியைக் காலி செய்தாள். சீப்பு, ஒரு ஜோடி செருப்பு, மாத்திரை அட்டை, பழைய ஸ்வெட்டர். அக்காக்காரி ஒதுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து கதவருகே நின்றாள். அவள் இடத்தில் பலகைகள் போய்க்கொண்டிருந்தன.

"போ. உனக்குச் சிவப்பு ஏறுது" என்றாள் நெட்டை.

"ஏறட்டும்."

"உன்மேல எனக்குக் கோபம் இல்லடி. நீ எனக்குக் கை கொடுத்திருந்தா, இன்னைக்கு ரெண்டு அலமாரி காலியாகும். அது எனக்குத் தெரியாதா?" ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஆனா நீ கையை எடுத்த அந்த முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ முடிச்சிடறேன்னுதானே நான் விட்டுட்டே இருந்தேன்."

மன்னித்துக்கொள் என்று சொன்னால் அதைவிட அசிங்கம் இருக்க முடியாது என்று அக்காக்காரிக்குப் பட்டது. நெட்டை அலமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்து ஆபீசில் சேர்த்துவிடச் சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், பஸ் இல்லாத நேரத்தில், வாசலைத் தாண்டி நடந்து போனாள்.

அன்றைக்கே அக்காக்காரி தம்பியின் அறைக்குப் போனாள். கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு மேஜை உண்டு, வாசலில் பதவியைச் சொல்லும் ஒரு தகடும் உண்டு. அவள் உட்காரவில்லை.

"எழுபதை எப்பக் குறைப்பீங்க?"

"குறைப்பாங்க" என்றான். வேகத்தைக் குறைக்கச் சொல்லி அவள் கேட்டதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான் என்பது அடுத்த வார்த்தையில்தான் புரிந்தது. "வருஷா வருஷம் மூணு விநாடி குறைச்சுத் தர்றோம்னு ஒப்பந்தத்துலயே எழுதிக் கொடுத்திருக்கு. அடுத்த வருஷம் அறுபத்தேழு."

"ஒரு நாள் ஓட்டம்னு சொன்னியேடா."

"நான் சொல்லலக்கா. நிஜமாச் செய்யுங்கன்னுதான் சொன்னேன்."

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான், அவன் சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

அவன் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தான். "தெரியும். தெரிஞ்சதைச் சொல்லியிருந்தா ஓடியிருப்பீங்களா? ஓடலைன்னா இன்னைக்குப் பதினெட்டுப் பேரும் வீட்டுல. இப்ப ஒருத்தங்கதான் போயிருக்காங்க."

"ஒருத்தங்கன்னு எண்ணாத. அவ உனக்குச் சோறு போட்டிருக்கா."

அவள் அவனைக் கன்னத்தில் அறைந்திருப்பாள், கண்ணாடி மட்டும் இல்லாமல் இருந்தால். அறையாத கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் சொன்ன கணக்கில் தப்பு கண்டுபிடிக்க வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு சரியாக இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நெட்டையின் இடத்துக்கு ஒல்லியாக ஒருத்தி வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம் என்றாள். விரல்கள் நன்றாக மடங்கின. அக்காக்காரி அவளிடம் தேவைக்குமேல் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்து, கூடத்தின் சுவரில், எல்லோர் கண்ணுக்கும் நேராக ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். மேனேஜர் மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தார். தோற்றுப்போன இரண்டு கம்பெனிகளில் ஒன்று அடுத்த ஆர்டருக்கு முந்திக்கொண்டிருக்கிறது, அவர்களால் முடிகிறதென்றால் நம்மால் ஏன் முடியாது, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் அறுபத்தாறு என்றார். நம்முடைய எழுபதைப் பார்த்துத்தான் அவர்கள் அறுபத்தாறுக்கு வந்தார்கள் என்பதையும் பெருமையாகவே சொன்னார். இவர்களை எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமைப் படம் இத்தனை நாளும் அங்கே இப்படி ஒரு திரையில் ஓடியிருக்கிறது.

திரையில் முகம் இல்லை. மேலிருந்து எடுத்த படம். ஒரு பலகை, நீல நிறச் சட்டையின் கை, இரண்டு கைகள். எந்த நாடு என்று அந்தக் கைகளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வயர்கள் அதே நிறம், கொக்கிகள் அதே இடம். கைகள் வயர்களைச் சேர்த்து நீவி, டேப்பை நகத்தால் கிழித்துச் சுற்றின. அறுபத்தாறு விநாடி ஆனதும் படம் மறுபடி தொடக்கத்துக்குப் போய் ஓடியது. நாள் முழுக்க ஓடியது. "பேய் மாதிரி செய்யறாளே" என்றாள் வாயாடி. கொஞ்ச நேரத்தில் யாரும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பார்க்க நேரமும் இல்லை.

அக்காக்காரி பார்த்தாள். தன் கைகள் பாட்டுக்கு வேலை செய்ய, ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். இப்படித் துண்டு துண்டாகப் பார்த்ததில் மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கண்ணில் அது பட்டது. தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள். தன் பலகையில் ஒரு கிளிப் விட்டுப்போனது, போகட்டும் என்று விட்டாள். திரையில் அந்தப் பெண் கடைசிச் சுற்றைச் சுற்றவில்லை. டேப்பின் வால் தொங்கியபடி இருக்க, அவள் வலது கை கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. படம் முடிவதற்கு அரை விநாடி முன்னால், திரையின் வலது ஓரத்திலிருந்து வேறொரு கை உள்ளே வந்தது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிய கை. அது வாலை எடுத்து, சுற்றி, அழுத்தத் தொடங்கியது.

அழுத்தி முடிக்கும் முன் படம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.